குளியலறை ஊதாவும் 60 கிலோஜூலும்

வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்து பாட்டில் கை நழுவிக் குளியலறைத் தரையில் விழுந்து உடைந்தது. ஜென்ஷன் வயலட், ஒரு சதவீதக் கரைசல். அரை பாட்டில்தான் இருந்தது. ஆனால் அந்த அரை பாட்டில் நான்கு டைல்ஸையும் அவற்றின் இடுக்குகளையும் கத்தரிக்காய் நிறமாக்கிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் பரவியதே தவிரப் போகவில்லை. சாக்கடை அடைப்புக்கு வாங்கி வைத்த காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் தரை பளிச்சென்று வெள்ளை. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வாரம் கழித்து வீட்டம்மா அதே இடத்தை டைல்ஸ் ஆசிட் போட்டுக் கழுவினார். இடுக்குகளில் முதலில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ தெரிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் ஊதா.

“போயிருச்சுன்னு சொன்னீங்க? வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். போகவேயில்லை. ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு முன் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு இப்போது ஈரோட்டில் நூல் கடைக் கணக்கு பார்க்கிறவன் நான். ஆய்வகத்தில் இதே சாயத்தையும் இதே காரத்தையும் கலந்து ஒரு சோதனை செய்த ஞாபகம் மங்கலாக வந்தது. அன்று மதிப்பெண்ணுக்காக முந்தின வருட நோட்டைப் பார்த்து எழுதினேன். இந்த முறை உண்மையாகவே செய்து பார்ப்பது என்று முடிவு. அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின.

முதலில் சரக்கைப் பற்றி. ஜென்ஷன் வயலட் என்ற மருந்துக்கடைப் பெயருக்குள் இருப்பது பெரும்பாலும் கிரிஸ்டல் வயலட். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பாக்டீரியாக்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது இந்தக் குடும்பச் சாயத்தை வைத்துத்தான். மூலக்கூறின் நடுவே ஒரு கார்பன். அதைச் சுற்றி மின்விசிறி இறக்கை மாதிரி மூன்று பென்சீன் வளையங்கள். ஒவ்வோர் இறக்கையின் நுனியிலும் இரண்டு மெத்தில் குழுக்களைச் சுமந்த ஒரு நைட்ரஜன். மொத்த மூலக்கூறுக்கும் ஒரு நேர்மின்சுமை. அந்தச் சுமை ஓரிடத்தில் நிற்காமல் மூன்று இறக்கைகளிலும் பரவிக் கிடப்பதால்தான் 590 நானோமீட்டர் பக்கத்து மஞ்சள் ஒளியை அப்படி விழுங்குகிறது. நம் கண்ணுக்கு ஊதா மிச்சமாகிறது. காரத்தின் ஹைட்ராக்சைடு அயனி வந்து நடுக் கார்பனில் ஒட்டிக்கொண்டால் பரவல் அறுந்துபோகும். நிறம் போய்விடும். இறக்கைகள் மூன்றும் அப்படியே இருக்கும். கார்பினால் என்று பெயர் வாங்கிய நிறமற்ற பொருள் அது. அமிலம் வந்தால் ஹைட்ராக்சைடு கழன்று நீராகும், ஊதா திரும்பும். கடும் அமிலத்தில் நைட்ரஜன்களும் புரோட்டானைப் பிடித்துக்கொள்வதால் பச்சை, மஞ்சள் என்று இறங்கும். குளியலறையில் நடந்தது இவ்வளவும்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு: எவ்வளவு வேகத்தில் ஒளிகிறது, சூட்டுக்கு எப்படி மாறுகிறது, எவ்வளவு உறுதியாக ஒளிகிறது.

கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்க நிறமானி ஒன்று வேண்டும். விலைக்கு வாங்கினால் ஒரு மாதச் சம்பளம். பிளம்பிங் கடையில் ஒரு இஞ்சு பிவிசி ‘டீ’ ஒன்று வாங்கி உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். நேர்வாட்டில் ஒரு முனையில் 590 நானோமீட்டர் ஆம்பர் எல்.இ.டி., எதிர் முனையில் ஒளியுணரி, நடுவாயில் கண்ணாடிச் சோதனைக் குழாய். உணரிக்கு முதலில் எல்.டி.ஆர். போட்டேன், பத்து ரூபாய்ச் சாமான் பத்து ரூபாய் வேலைதான் செய்தது. வெளிச்சத்துக்கும் அதன் மின்தடைக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, இருட்டிலிருந்து மீளவும் நேரம் எடுத்துக்கொள்கிறது. கழற்றிவிட்டு BH1750 என்ற, வெளிச்சத்தை லக்ஸ் அலகில் அளக்கும் தகடைப் பொருத்தினேன். அர்டுயினோ நானோ என்ற சிறு மின்னணுப் பலகை அதைப் படித்துக் கணினிக்கு அனுப்பும். வெறும் தண்ணீருக்கு 2400 லக்ஸ், சாயத்துக்கு 331 லக்ஸ் என்றால் இரண்டின் விகிதத்துக்கு மடக்கை எடு, 0.86. அதுதான் ஒளி உறிஞ்சளவு. சாயத்தின் செறிவுக்கு அது நேர்விகிதம்.

இதில் ஒரு தொல்லை. ஆம்பர் எல்.இ.டி. சூடேறச் சூடேற ஒளி குறையும். மற்ற நிறங்களைவிட இது இந்த விஷயத்தில் மோசம். போட்டவுடன் 2510 காட்டியது கால்மணி நேரத்தில் 2400-இல் வந்து உட்கார்ந்தது. அது தெரியாமல் எடுத்த முதல் ஞாயிறு அளவீடுகள் மொத்தமும் குப்பை. அதற்குப் பிறகு எல்.இ.டி.யைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது செய்முறையில் ஒரு படியானது.

சாயக் கணக்கு: ஒரு சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம். மூலக்கூறு எடை 408. ஆக பாட்டிலில் இருப்பது சுமார் 0.0245 மோலார் (லிட்டருக்கு அத்தனை மோல்). அதில் 1 மில்லியை 100 ஆக்கி, அந்த 100-இல் 4 மில்லியை மறுபடி 100 ஆக்கினால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மோலார். இவ்வளவு நீர்த்தும் குழாயில் அடர்ந்த ஊதா. புத்தகக் கணக்குப்படி என் குழாயில் 1.1 வந்திருக்க வேண்டும், எனக்கு 0.86. எல்.இ.டி.யின் ஒளி ஒரே அலைநீளம் அல்ல, இருபக்கமும் கொஞ்சம் பரந்தது; மருந்துக்கடைச் சரக்கும் நூற்றுக்கு நூறு தூய்மையில்லை. வேகத்தைக் கணக்கிட விகிதம் மட்டும் போதும் என்பதால் இதை விட்டுவிட்டேன்.

காரம் 0.02 மோலார். அதாவது ஒரு சாய மூலக்கூறுக்கு இரண்டாயிரம் ஹைட்ராக்சைடு அயனிகள். சாயம் முழுதும் தீர்ந்தாலும் காரம் அசையாது. அப்படி வைத்துவிட்டால், சாயம், காரம் இரண்டின் செறிவையும் பொறுத்து ஓடும் இரண்டாம் வகை வினை, சாயத்தை மட்டும் பொறுத்து ஓடும் போலி முதல் வகை வினையாக நடந்துகொள்ளும்: உறிஞ்சளவின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு, அதன் சரிவுதான் வேக மாறிலி. கல்லூரியில் மனப்பாடம் செய்த வரி. கையால் செய்து கோடு நேராக விழுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் வேறு ரகம்.

காஸ்டிக்கைக் கரைக்கும்போது ஒரு எச்சரிக்கை. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்தேன். ஊதா மருந்தும் அப்பாவி அல்ல. புற்றுநோய் அபாயத்தைக் காட்டி கனடாவின் சுகாதாரத் துறை 2019-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. கையுறைக்கு அதுவும் ஒரு காரணம்.

அரைமணி நேரம் ஓடவிட்டால் கோடு கடைசியில் வளைந்தது. உறிஞ்சளவு பூச்சியத்துக்குப் போகாமல் 0.03-இல் நின்றது. கரைசலைக் கொட்டிவிட்டு வெள்ளைத் தாளின்மேல் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிச் சுவரில் மெல்லிய ஊதாத் திரை. காரத்தில் கண்ணாடியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொள்ளும். நேர்மின்சுமைச் சாயம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவியதும் சரியானது. பிளாஸ்டிக் கோப்பையில் செய்யலாமே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ் மூடி ஒன்று இன்னும் ஊதாவாகத்தான் இருக்கிறது.

அடுத்த சந்தேகம் காரத்தின் மேல். பொட்டலத்தில் இருந்த காஸ்டிக் செதில்கள் பல மாதமாகக் காற்றுப் பட்டவை. நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்து உப்பியிருக்கும். 20 கிராம் எடுத்து 500 மில்லியில் கரைத்து ‘ஒரு மோலார்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். தரம் பார்க்க ஆக்சாலிக் அமிலம் வாங்கினேன், 0.63 கிராம், 100 மில்லியில், 0.05 மோலார். காரக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து 10 மில்லி எடுத்தால் ஈடுகட்ட 10 மில்லி அமிலம் போயிருக்க வேண்டும். போனது 8.6. ஆக என் ‘ஒரு மோலார்’ உண்மையில் 0.86. லேபிளை அடித்து எழுதினேன். அதற்கு முன் கணக்கிட்ட வேக மாறிலி எல்லாம் 14 சதவீதம் குறைவாக இருந்ததற்குக் காரணம் கிடைத்தது.

தரம் பார்க்கும்போது இன்னொரு வேடிக்கை. நீர்க்காத காரத்தில் தவறுதலாக ஃபீனால்ஃப்தலின் ஒரு சொட்டு விழுந்தது. குப்பென்று இளஞ்சிவப்பு, சில நிமிடங்களில் தானாகவே வெளிறிப் போய்விட்டது. அங்கும் இதே கதை. நடுக் கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சைடு போய் உட்காருகிறது. பள்ளிக்கூடத்தில் ‘காரத்தில் இளஞ்சிவப்பு’ என்று சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள், அதற்கு மேல் காரம் ஏறினால் நிறம் போய்விடும் என்பதை யாரும் சொன்ன ஞாபகம் இல்லை.

இனி நான் மூன்று இரவு தூங்காத விஷயம்.

காரத்தின் அளவை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்க வேண்டும். வினை சாயம், காரம் ஒவ்வொன்றிலும் முதல் வகை என்பதற்கு அதுதான் சான்று. 30 டிகிரியில் 0.01, 0.02, 0.04, 0.08 மோலார் என்று நான்கு ஓட்டம் எடுத்தேன். வேக மாறிலிகள், விநாடிக்கு: 0.0023, 0.0042, 0.0076, 0.0134. எட்டு மடங்கு காரத்துக்கு எட்டு மடங்கு வர வேண்டிய இடத்தில் ஆறு மடங்குகூட இல்லை. மடக்கை வரைபடம் போட்டால் சரிவு 0.85. காரத்தின் வினைவகை ஏறத்தாழ முக்காலே அரைக்கால்? ஒரு ஹைட்ராக்சைடு முழுசாக ஒட்டுகிறதா, கொஞ்சம் குறைவாக ஒட்டுகிறதா?

கரைசலை அளந்தெடுக்கும் ஊசியின் அளவைச் சந்தேகப்பட்டேன். தராசில் வைத்து எடை பார்த்தேன், சரியாக இருந்தது. எல்.இ.டி.யைச் சந்தேகப்பட்டேன். நான்கு ஓட்டங்களையும் தலைகீழ் வரிசையில் திரும்ப எடுத்தேன். அதே 0.85. மூன்றாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது உறைத்தது: காரத்தைக் கூட்டும்போது நான் ஹைட்ராக்சைடை மட்டும் கூட்டவில்லை, சோடியத்தையும் சேர்த்துக் கூட்டுகிறேன். கரைசலில் மொத்த அயனிக் கூட்டமே, அதாவது அயனி வலிமையே ஏறுகிறது.

சாயம் நேர்மின்சுமை, ஹைட்ராக்சைடு எதிர்மின்சுமை. ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் சுற்றிலும் வேறு அயனிகள் நெருக்கியடித்தால் ஒவ்வொன்றைச் சுற்றியும் எதிர்க்கட்சி அயனிகளின் ஒரு மேகம் திரண்டு அந்த இழுப்பை மறைத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் எதிர்ச்சாரியில் நிற்கும் ஆளைப் பார்த்துக் கை காட்டுகிற மாதிரி. 1920-களில் பிரான்ஸ்டெட்டும் பியெரமும் இதற்குச் சூத்திரமே எழுதி வைத்துவிட்டார்கள். எதிரெதிர் சுமையுள்ள இரண்டு அயனிகள் வினைபுரிந்தால் உப்பு அதைத் தாமதப்படுத்தும். ஒரே சுமையுள்ளவை என்றால் உப்பு வேகப்படுத்தும்.

சரிபார்க்க வழி எளிது: வேண்டிய அளவு உப்புச் சேர்த்து நான்கு ஓட்டங்களிலும் அயனி வலிமையை 0.1 என்று ஒரே மட்டத்தில் நிறுத்து. அடுப்படியிலிருந்து கல்லுப்பு எடுத்துக் கரைத்தேன். காரத்தில் ஊற்றியதும் பால் மாதிரி கலங்கிவிட்டது. கடல் உப்பில் மக்னீசியம் இருக்கிறது, அது ஹைட்ராக்சைடாகப் படிகிறது. கலங்கல் ஒளியைச் சிதறடிக்கிறது, காரத்தையும் தின்கிறது. தூள் உப்பும் கொஞ்சம் கலங்கியது. அப்போது மகள் (பத்தாம் வகுப்பு) கேட்டாள், “ஆஸ்பத்திரியில பாட்டிக்கு ஏத்துனாங்களே, அந்தத் தண்ணி வெறும் உப்புத்தானேப்பா?” மருந்துக்கடை சலைன்! 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம் தூய சோடியம் குளோரைடு, 0.154 மோலார். கிருமிகூட இல்லாத தூய்மை. 0.01 மோலார் காரத்துக்கு 100 மில்லியில் சலைன் 58 மில்லி, 0.08-க்கு 13 மில்லி என்று கணக்குப் போட்டுக் கலந்தேன்.

புதிய வேக மாறிலிகள்: 0.0016, 0.0032, 0.0065, 0.0127. ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்கு. வினைவகை ஒன்று. நான்கு ஓட்டத்திலும் காரத்தால் வகுத்தால் 0.16 மோலாருக்கு விநாடிக்கு. கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. உப்பில்லாத நான்கு, உப்புள்ள ஒன்று, ஐந்தையும் வைத்து அயனி வலிமையின் வர்க்கமூலத்தைக் கிடைமட்டத்தில் போட்டு (அடர்கரைசலுக்கான சிறு திருத்தத்துடன்) வேக மாறிலியின் மடக்கையைச் செங்குத்தில் போட்டால் கீழிறங்கும் நேர்கோடு. சரிவு கிட்டத்தட்ட மைனஸ் ஒன்று. வினைபுரியும் இரண்டு அயனிகளின் சுமைகளைப் பெருக்கினால் வருவதும் மைனஸ் ஒன்று. ஒரு பிவிசி குழாயும் ஒரு சலைன் பாட்டிலும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் மின்சுமையை எண்ணிவிட்டேன். உப்பே இல்லாத நிலைக்கு அந்தக் கோட்டை நீட்டினால் 30 டிகிரியில் 0.28 வருகிறது. இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த ஒரு மணி நேரம் இதுதான். வெப்பத்தைப் பற்றிய பகுதிதான் எல்லோரும் கேட்பது, சொல்கிறேன். மனசு இங்கேதான் இருக்கிறது.

வெப்ப ஓட்டங்களுக்கு நிறமானிக்குள் வைத்தால் குழாய் ஆறிவிடும். அதனால் வினையை ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில், தண்ணீருக்குள் நிறுத்திய பாட்டிலில் நடத்தினேன். சாயமும் காரமும் தனித்தனியே அதே தண்ணீரில் இருபது நிமிடம் ஊறிய பிறகுதான் கலப்பது. ஊசியில் 10 மில்லி உறிஞ்சு, குழாயில் விடு, அளவைப் படி, திரும்ப ஊற்று. மகள் கடிகாரத்தைப் பார்த்து “இப்ப” என்பாள். 46 டிகிரி ஓட்டத்தில் இருபது விநாடிக்கு ஒரு “இப்ப”. இருவரும் மூச்சு வாங்கினோம். காரம் எல்லாவற்றிலும் 0.02 மோலார், சலைன் இல்லாமல். கிடைத்த அரை வாழ்காலங்கள்:

14 டிகிரி – 642 விநாடி
22 டிகிரி – 307 விநாடி
30 டிகிரி – 165 விநாடி
38 டிகிரி – 91 விநாடி
46 டிகிரி – 52 விநாடி

பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பாதி நிறம் போக பத்து நிமிடத்துக்கு மேல். வெந்நீரில் ஒரு நிமிடத்துக்குள். அரை வாழ்காலத்திலிருந்து இரண்டாம் வகை மாறிலிக்கு மாற்றினால் முறையே 0.054, 0.113, 0.21, 0.38, 0.67. அர்ரீனியஸ் 1889-இல் சொன்னபடி கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக இவற்றின் இயல் மடக்கையைப் போட்டேன். எக்செல் கொடுத்த சரிவு மைனஸ் 7166. வாயு மாறிலி 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய மேடு, மோலுக்கு 59.6 கிலோஜூல். இதே சோதனையைக் கல்லூரிகளில் செய்கிறவர்களுக்கும் 60-ஐ ஒட்டித்தான் வரும். பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்களே, இந்த வினைக்கு 30-லிருந்து 40-க்கு 2.1 மடங்கு.

ஐந்து புள்ளிகளை நம்பி, அந்த மேட்டை வெப்பப் பங்கு (என்தால்பி), துகள்களின் சுதந்திரப் பங்கு (என்ட்ரோபி) என்று பிரிக்கும் ஐரிங்கின் 1935-ஆம் ஆண்டுச் சமன்பாட்டுக்கும் போனேன். கிளர்வு என்தால்பி 57 கிலோஜூல். கிளர்வு என்ட்ரோபி மைனஸ் 70 ஜூல், கெல்வினுக்கு. இரண்டும் சேர்ந்து 30 டிகிரியில் ஏறவேண்டிய மேடு 78 கிலோஜூல். என்ட்ரோபி எதிர்மறை என்பது வழக்கமான கதை: தனித்தனியே திரிந்த இரண்டு துகள்கள் ஒன்றாகும்போது சுதந்திரம் போகிறது. ஆனால் இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. எதிரெதிர் சுமைகள் சேர்ந்து அழியும்போது அவற்றைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்த நீர் மூலக்கூறுகளுக்கு விடுதலை. அது என்ட்ரோபியைக் கூட்ட வேண்டும். என் எண் இரண்டுக்கும் கழித்த மிச்சம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் ஐந்து புள்ளிகளுக்குத் திராணி இல்லை. கோட்டின் சரிவு நூற்றில் மூன்று பங்கு நகர்ந்தாலும் அந்த மைனஸ் 70 ஆறு ஜூல் ஆடுகிறது.

மேடு எவ்வளவு உயரம் என்பது ஒரு கேள்வி. மேட்டைத் தாண்டி இறங்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது இன்னொன்று. என் குளியலறைக்குப் பதில் இரண்டாவதில் இருக்கிறது. சாயமும் கார்பினாலும் சரிபாதியாக இருக்கும் பிஹெச் (அமில-கார அளவு) சுமார் 9.4. இதிலிருந்து ஹைட்ராக்சைடு ஒட்டும் வினையின் சமநிலை மாறிலியைக் கணக்கிடலாம்: 25 டிகிரியில் ஏறத்தாழ நாற்பதாயிரம். கட்டிலா ஆற்றலாக, அதாவது பள்ளத்தின் ஆழமாக மாற்றினால் மைனஸ் 26 கிலோஜூல். 0.02 மோலார் காரத்தின் பிஹெச் 12.3. அங்கே எண்ணூறில் ஒரு மூலக்கூறுதான் ஊதாவாக மிஞ்சும். கண்ணுக்கு வெள்ளை. ஆனால் 26 கிலோஜூல் பெரிய பள்ளம் அல்ல. பிஹெச்சை நான்கைந்து புள்ளி இறக்கினால் பள்ளம் மேடாகிவிடும். காரத்தில் மூலக்கூறு உடைந்திருந்தால் இப்படி ஒரு திரும்பும் வழியே இருக்காது. ‘சாயத்தைக் காரத்தால் சிதைத்தல்’ என்று நோட்டில் தலைப்பெழுதியிருந்தேன். ‘சிதைத்தல்’ என்பதை அடித்து ‘மறைத்தல்’ என்று போட்டேன்.

சோதனையும் செய்தேன். நிறம் போய் ஒரு மணி நேரமான கரைசலில் வினிகர் விட்டேன். டக்கென்று வரவில்லை, மெல்ல, மழைக்கு முன் வானம் கறுப்பதுபோல ஊதா ஏறியது. நின்ற பிறகு அளந்தால், நீர்த்ததற்குத் திருத்தம் போட்டு, ஆரம்ப நிறத்தில் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு வாரம் மூடி வைத்த இன்னொரு பாட்டிலில் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பியது. சரி, நாள்பட்டால் உண்மையிலேயே சிதைகிறது போல என்று நினைத்து, காலி செய்த பாட்டிலைச் சும்மா ஸ்பிரிட்டால் அலசி அதில் வினிகர் விட்டேன். அங்கேயும் ஊதா. கார்பினாலுக்குத் தண்ணீர் பிடிக்காது. சுவரில் படிந்திருந்தது.

நடுவில் விளையாட்டாக இரண்டு காரியம். செட்ரிமைடு கலந்த கிருமிநாசினியைக் கொஞ்சம் விட்டு ஓட்டினேன். முதல் அளவை எடுப்பதற்குள் பாதி நிறம் போய்விட்டது. ஷாம்பூ விட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரம் கழித்தும் ஊதா. முன்னது நேர்மின்சுமை நுரைப்பொருள்: அதன் மூலக்கூறுகள் கூடித் திரளும் மைசெல் உருண்டைகள் சாயத்தின் எண்ணெய்த்தன்மையை உள்ளே இழுத்து, ஹைட்ராக்சைடையும் வாசலில் திரட்டி வைத்து, இருவரையும் சந்திக்க வைக்கின்றன. பின்னது எதிர்மின்சுமை: சாயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஹைட்ராக்சைடைத் தெருவிலேயே நிறுத்திவிடுகிறது. நான் முதலில் டைல்ஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்தது காஸ்டிக்கின் வேலையைத் தாமதப்படுத்தியிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

திருப்பூரில் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவுக்கு வாரக்கடைசியில் வருவார். பாட்டில்களைக் காட்டினேன். வினிகர் விட்டதும் நிறம் வந்ததைப் பார்த்துச் சிரித்தார். “எங்க சாயத்துல இந்த வித்தை நடக்காதுங்க தம்பி. நாங்க சோடா ஆஷ் போட்டுத்தான் சாயத்தையே ஏத்துறோம்.”

அவர் சொன்னது நியாயம். பனியன் துணிக்குப் போடுவது ரியாக்டிவ் சாயங்கள். காரம் அங்கே பருத்தியின் ஹைட்ராக்சில் குழுக்களைத் தயார்படுத்தி, சாயத்தின் கொக்கி துணியில் மாட்ட வைக்கிறது. ஆனால் அதே கொக்கியில் தண்ணீரின் ஹைட்ராக்சைடும் வந்து மாட்டிக்கொள்ளும். இரண்டு வினைகளுக்கும் போட்டி. தொட்டியின் சூடும் பிஹெச்சும் நேரமும் அந்தப் போட்டியைத் துணியின் பக்கம் சாய்க்கத்தான். தண்ணீரிடம் தோற்ற சாயத்துக்கு நிறம் துளியும் குறையாது, துணியில் பிடிக்கும் திறன் மட்டும் போய்விடும். கழுவும்போது மொத்தமும் சாக்கடைக்கு. நொய்யல் ஆற்றில் ஓடியது அதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு வேண்டும் என்றது. என் ஊதாவில் ஹைட்ராக்சைடு நிறத்தின் நடுவிலேயே போய் ஒட்டுகிறது. அவர் சாயத்தில் நிறத்துக்குச் சம்பந்தமில்லாத கொக்கியில் ஒட்டுகிறது. அதே அயனி, அதே மாதிரிக் கணக்கு. “அப்ப நீங்க தண்ணி வெள்ளையாயிருச்சுன்னு மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க, நாங்க துணி செவப்பாயிருச்சுன்னு மட்டும் பார்த்தா ஏமாந்துருவோம்,” என்றார் அண்ணன், டீயை முடித்துக்கொண்டே.

மிஞ்சிய கரைசல்கள் இரண்டு லிட்டர் இருந்தன. காரத்தோடு வெள்ளையாக இருக்கிறதே என்று சாக்கடையில் விட மனசு வரவில்லை. வினிகர் விட்டு ஊதாவாக்கி, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய கிளர்வூட்டிய கரியைக் கைப்பிடி போட்டு ஒரு நாள் வைத்தேன். ஊதாவாக இருந்தால்தானே கரி பிடித்ததா இல்லையா என்று தெரியும். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. இப்போது அமிலம் விட்டாலும் நிறம் வரவில்லை. கரியைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

குளியலறை இடுக்குக்குக் காஸ்டிக்கை மறுபடி தொடவில்லை. ஆசிட் மிச்சமே இல்லாதபடி இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, பிறகுதான் பிளீச்சிங் கரைசல் ஊற்றினேன். ஆசிட் ஈரத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது விளையாட்டல்ல. ஹைப்போகுளோரைட் ஹைட்ராக்சைடு மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகாது, ஆக்சிஜனேற்றி மூலக்கூறையே நறுக்கும். ஒரு மணி நேரம் விட்டு, தண்ணீர் விட்டு நன்றாக அலசி, மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தேன். மூன்று இடுக்கு சுத்தம். வாளிக்குப் பின்னால் இருக்கும் நான்காவதில் லேசாக ஊதா. அங்கே பிளீச் எட்டவில்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.